அடியில் வைக்கும் பேப்பருக்கும் காசு கொடுங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

"மெஷின் எம்பிராய்டரின்னா சுருங்கத்தான் செய்யும்." இந்த வாரத்தில் மட்டும் மூன்று பேர் வாயால் இதைக் கேட்டுவிட்டேன். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் கல்யாணப் பிளவுஸ் படம் போட்டாள். முதுகில் மயில், மயிலைச் சுற்றித் துணி அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. உடனே வரிசையாக வைத்தியம் வந்தது. "அயர்ன் பண்ணு, சரியாயிடும்" என்றார் சித்தப்பா. "மெஷின் பழசா இருக்கும்" என்றார் இன்னொருவர். "கையில போட்டிருக்கணும், இதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை" என்று என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சரே எழுதினார். "அடியில் என்ன வைத்துத் தைத்தார்கள்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பிள்ளைகளே, சுருக்கம் மெஷினின் தலையெழுத்து கிடையாது. பெரும்பாலும் அது அடியில் மிச்சம் பிடித்த நாலு காசு. அந்த நாலு காசை மிச்சம் பிடிக்கச் சொல்வது யார், அதனால் நஷ்டப்படுவது யார் என்பதுதான் என் கோபத்துக்குக் காரணம்.

முதலில் ஏன் சுருங்குகிறது என்று பார்ப்போம். பந்தல் போடுகிறவர் காலை நட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுகிறார். மண் இறுகலாக இருந்தால் கால் நேராக நிற்கும். மழை பெய்து மண் குழைந்திருந்தால், கயிற்றை இழுக்க இழுக்க இரண்டு காலும் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். ஒவ்வொரு தையலும் அப்படி ஒரு கயிறு. ஊசி நூல் மேலிருந்து இழுக்கிறது, பாபின் நூல் கீழிருந்து இழுக்கிறது, ஊசி குத்திய இரண்டு ஓட்டையும் நெருங்கப் பார்க்கின்றன. ஒரு தையலில் நகர்வது கண்ணுக்குத் தெரியாத தூரம்தான். ஆனால் சட்டையின் நெஞ்சில் வரும் ஒரு சாதாரணப் பள்ளிச் சின்னத்துக்கே 5,000 முதல் 10,000 தையல் விழுகிறது. கல்யாணப் பிளவுஸ் முதுகு என்றால் அதைப்போலப் பல மடங்கு. அத்தனை கயிறும் இழுக்கும்போது மெல்லிய துணி என்ன செய்யும் பாவம்? டிசைனுக்குள் ஒடுங்கும், சுற்றியுள்ள துணி மடியும்.

அந்த இழுப்பைத் துணிக்குப் பதிலாகத் தாங்கிக்கொள்ளத்தான் அடியில் ஒன்றை வைக்கிறோம். புத்தகத்தில் அதன் பெயர் ஸ்டெபிலைசர். நம் ஊரில் ஸ்டெபிலைசர் என்று கேட்டால் ஃபிரிட்ஜுக்கு வைக்கும் பெட்டியை எடுத்துக் கொடுப்பார்கள். அதனால் கடைகளில் "எம்பிராய்டரி பேப்பர்" அல்லது "பேக்கிங்" என்றுதான் பேச்சு. என்னைக் கேட்டால் இந்தப் "பேப்பர்" என்ற பெயரே பாதிக் கேட்டைச் செய்துவிட்டது. பேப்பர்தானே என்று பழைய செய்தித்தாளை வைத்துத் தைக்கிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊசி பத்துக் குத்துக் குத்தியதுமே அது கிழிந்துபோகும். பிறகு தாங்க அங்கே என்ன இருக்கிறது? வெள்ளைத் துணி என்றால் மை வேறு ஒட்டும். எம்பிராய்டரிக்கு விற்பதில் பெரும்பகுதி நெய்யாமல் இழைகளை அழுத்தி ஒட்டிய நான்-ஓவன் துணி. பெயர் பேப்பர், ஆனால் வேலை வேறு.

"எங்க காலத்துல என்ன பேப்பர் வச்சோம்? பிரேமை மாட்டினோம், பூப் போட்டோம், சுருங்கவா செஞ்சது?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கையால் தைக்கும்போது ஒவ்வொரு தையலையும் விரல் அளக்கிறது. இழுப்பு அதிகமானால் கை தானாகத் தளர்த்திவிடும். மெஷின் நிமிடத்துக்கு 600, 800 தையல் போடுகிறது, அதற்கு விரல் இல்லை. ஆரி வேலையைப் பாருங்கள். துணியை ஸ்டாண்டில் நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் ஊசியைத் தொடுகிறார்கள். அங்கே அந்தச் சட்டமே துணியைத் தாங்குகிறது. அதோடு ஆரியில் ஒற்றை நூல் சங்கிலித் தையல், கீழிருந்து இழுக்க பாபின் கிடையாது. மெஷின் வேலைக்குத் தேவையான தாங்கலைக் கொடுக்காமல் அதைக் கைவேலையோடு ஒப்பிட்டு மட்டம் தட்டுவது, செருப்பு கொடுக்காமல் ஓடச் சொல்லிவிட்டுக் கால் சரியில்லை என்று திட்டுவது போல.

இப்போது பேப்பர் வகைக்கு வருகிறேன். இங்கேதான் என் பிள்ளைகளில் பலர், நல்ல கைக்காரிகளே, வழுக்குகிறார்கள். ஒரே ரோல் வாங்கி வைத்துக்கொண்டு பட்டுக்கும் அதே, பனியன் துணிக்கும் அதே, ஜீன்ஸுக்கும் அதே.

முக்கியமாக இரண்டு வகையைப் புரிந்துகொண்டால் போதும். தைத்து முடித்ததும் கையால் கிழித்து எடுப்பது டேர்-அவே. கத்தரியால் ஓரம் வெட்டிவிட்டு மீதியைத் துணியோடு விட்டுவிடுவது கட்-அவே. கிழிப்பது சுலபம், வேகம், பின்பக்கமும் சுத்தமாகத் தெரியும். அதனால் எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. ஜீன்ஸ், கேன்வாஸ் பை, கெட்டியான காட்டன் போன்ற இழுத்தால் இழுபடாத துணியில் அளவான டிசைன் என்றால் டேர்-அவே தாராளமாகப் போதும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டீ-ஷர்ட்?

டீ-ஷர்ட் பின்னல் துணி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதில் ஆயிரக்கணக்கான ஓட்டை போட்டுவிட்டு, தாங்கிக்கொண்டிருந்ததைக் கிழித்தும் எறிந்துவிட்டால், அந்தச் சின்னத்தை இனி யார் பிடித்துக்கொண்டிருப்பது? கடையில் வாங்கும்போது பளபளவென்று இருக்கும். துவைத்தால் காட்டன் பின்னல் சுருங்கும், பாலியஸ்டர் நூல் சுருங்காது. பிறகு சின்னம் மாவடு மாதிரி வதங்கி நிற்கும். பின்னல் துணி எதுவானாலும் கட்-அவேதான். அது துணி கிழியும்வரை கூடவே இருந்து பிடித்துக்கொள்ளும். தையலை ஒட்டி வெட்டாமல் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். குழந்தைச் சட்டையில் உறுத்தும் என்றால் பின்னால் மெல்லிய மிருதுவான துணியை ஒட்டி மூடிவிடலாம். உறுத்தும் என்பதற்காகக் கிழிக்கிற பேப்பருக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. டீ-ஷர்ட்டைப் பிரேமில் மேளம் மாதிரி இழுத்து மாட்டாதே என்று எத்தனை முறை சொல்வது! இழுத்த நிலையில் தைத்துவிட்டுப் பிரேமைக் கழற்றினால் துணி பழைய அளவுக்கு ஓடும், தையல் ஓடாது. பேப்பரை மட்டும் பிரேமில் விறைப்பாக மாட்டி, அதன்மேல் டீ-ஷர்ட்டை இழுக்காமல் பரப்பி, ஒட்டு ஸ்ப்ரே லேசாக அடித்தோ சுற்றி ஒரு நூலோட்டம் ஓட்டியோ பிடிக்க வையுங்கள். ஊசியும் முனை உருண்ட பால்-பாயிண்ட் ஊசியாக இருக்கட்டும்.

பட்டுப் பிளவுஸ் வேறு கதை. பட்டு நீளாது, அதனால் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு முறை ஊசி குத்தினால் ஓட்டை மறையாது, பிரித்துத் தைக்க வழியில்லை. பிரேம் அழுத்திய வளையத் தடமும் சுலபத்தில் போகாது. அதற்கு மேல் நம் ஆட்களுக்கு முதுகு முழுக்க அடைத்த டிசைன் வேண்டும். அடைப்பு அதிகமாக அதிகமாகத் தாங்கலும் அதிகம் வேண்டும், இது கணக்கு. பட்டுக்குப் பின்னால் மெல்லிய ஃப்யூசிங்கை அளவான சூட்டில் ஒட்டி, அதற்குக் கீழே நடுத்தரக் கனத்தில் ஒரு கட்-அவே வைத்துத் தைத்துப் பாருங்கள். ஃப்யூசிங் ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. லேசான கொடிக்குப் போதும், மயிலுக்குப் போதாது. எப்படியும் லைனிங் வைத்துத் தைக்கப் போகிறோம், பின்னால் பேப்பர் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியப் போவதில்லை. பிறகு ஏன் கஞ்சத்தனம்?

ஜார்ஜெட், ஷிஃபானுக்கு சல்லடை மாதிரி மெல்லிய மெஷ் வகை இருக்கிறது. வெளியே நிழல் தெரியாது. நெட், ஆர்கன்சாவுக்குத் தண்ணீரில் கரையும் பேப்பர். ஆனால் அது கரைந்த பிறகு தாங்கலும் கரைந்துவிடும், எனவே அதில் அடைத்த டிசைன் போடாதீர்கள். டவலுக்கும் வெல்வெட்டுக்கும் மேலே ஒரு கரையும் ஷீட் வைக்கச் சொல்வார்கள். அது தையல் பொசுபொசுப்புக்குள் புதையாமல் இருக்க, சுருக்கத்துக்கு மருந்து அல்ல. அடியில் வைப்பதை அடியிலும் வைக்க வேண்டும்.

நாலைந்து அடுக்கு வைத்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். துணி அட்டை மாதிரி ஆகிவிடும், ஊசி சூடாகும், நூல் அறும். மூன்று மெல்லிய டேர்-அவே சேர்ந்தாலும் ஒரு கட்-அவே செய்யும் வேலையைச் செய்யாது. இரண்டு அடுக்கு வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒன்றை நீளவாக்கிலும் மற்றதைக் குறுக்குவாக்கிலும் வையுங்கள். பல நான்-ஓவன்கள் ஒரு திசையில் உறுதி, மறு திசையில் லேசாக நீளும். கையால் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாலே தெரியும்.

எல்லாச் சுருக்கத்துக்கும் பேப்பர்தான் காரணமா? இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எப்போது சுருங்கியது என்று பாருங்கள். பிரேமில் இருக்கும்போதே நெளிந்தால் பிரேம் தளர்ச்சி, அல்லது நூல் டென்ஷன் அதிகம். டென்ஷனுக்கு, சாட்டின் தையலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் தெரிந்தால் சரி. பின்பக்கம் முழுக்க பாபின் நூலாகவே இருந்தால் மேல் நூல் அளவுக்கு மீறி இழுக்கிறது. பாலியஸ்டர் நூலை இழுத்துத் தைத்தால் தைக்கும்போது நீண்டு, பிறகு மெல்லச் சுருங்கித் துணியையும் கூட்டிக்கொண்டு போகும். பிரேமைக் கழற்றியதும் சுருங்கினால் துணியை இழுத்து மாட்டியிருக்கிறீர்கள். துவைத்த பிறகு சுருங்கினால் துணியை முன்னால் நனைக்கவில்லை, அல்லது தாங்குவதற்கு அடியில் ஒன்றும் மிச்சமில்லை. நாலாவதாக டிசைனையே சந்தேகப்பட வேண்டும். பெரிய டிசைனை மெஷினிலேயே சிறிதாக்கினால் பல மெஷின்களில் தையல் எண்ணிக்கை குறையாது. அதே ஆயிரங்கள் சின்ன இடத்தில் வந்து நெருக்கும். எந்தப் பேப்பரும் அதைக் காப்பாற்றாது.

இவ்வளவும் தெரிந்த பெண்களே ஏன் தவறான பேப்பரை வைக்கிறார்கள்? என் கேள்வி இதுதான். தெரியாததால் வைக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் பேர் காசு கட்டாததால் வைக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்குக் கூலி எப்படிப் பேசுகிறார்கள் தெரியுமா? ஆயிரம் தையலுக்கு இவ்வளவு பைசா என்று. மேலே விழும் தையலுக்குக் கணக்கு உண்டு, அடியில் வைப்பதற்குக் கணக்கே இல்லை. பேப்பர், ஃப்யூசிங், ஸ்ப்ரே, ஊசி எல்லாம் தைக்கிறவள் தலையில். நெருக்கி அடைத்த டிசைன் என்றால் தையல் அதிகம், கூலி அதிகம். நல்ல பேப்பர் வைத்தால் அவள் கையில் நிற்பது குறையும். ஆக, துணியைச் சுருங்க வைக்கும் இரண்டு காரியத்துக்கும் இந்தக் கூலி முறை பரிசு கொடுக்கிறது, சுருங்காமல் காக்கும் ஒரே காரியத்துக்கு அபராதம் போடுகிறது. இப்படி ஒரு கணக்கை என் வகுப்பில் யாராவது போட்டிருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

என்னிடம் படித்த ஒரு பெண். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். வீட்டிலேயே ஒற்றைத் தலை மெஷின் வைத்திருக்கிறாள், கடனில் வாங்கியது. ஒரு பள்ளியின் சீருடை டீ-ஷர்ட்டுக்குச் சின்னம் போடும் வேலையை ஒரு கான்ட்ராக்டர் கொடுத்தார். பேப்பரும் அவரே கொடுத்தார், மெல்லிய டேர்-அவே. இவள் "இது பனியன் துணி, கட்-அவே வேணும்" என்று சொல்லியிருக்கிறாள். "எல்லாரும் இதுலதான் போடறாங்க, நீ போடு" என்று பதில். போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகள் இரண்டு முறை துவைத்ததும் சின்னம் சுருண்டது, பெற்றோர் பள்ளியில் கத்தினார்கள், பள்ளி கான்ட்ராக்டரைக் கேட்டது, கான்ட்ராக்டர் அவள் கூலியில் பிடித்துக்கொண்டார். பேப்பர் அவர் தேர்ந்தெடுத்தது, பணம் இவள் இழந்தது. போனில் அவள் அழவில்லை. "டீச்சர், அடுத்த ஆர்டரும் அவர்கிட்டதான் வரணும், அதனால ஒண்ணும் சொல்லலை" என்றாள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதனால் மூன்று தரப்பிடமும் கேட்கிறேன்.

சீருடைக்கு ஆர்டர் கொடுக்கும் இடத்தில் என் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். பள்ளி நடத்துகிறீர்கள், கடை வைத்திருக்கிறீர்கள், பனியன் கம்பெனியில் நல்ல பொறுப்பில் இருக்கிறீர்கள். சின்னத்தின் அளவு, நிறம், நூல் எண் எல்லாம் எழுதிக் கொடுக்கிறீர்களே, அடியில் எந்தப் பேப்பர், எத்தனை ஜிஎஸ்எம் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? அதற்கு உண்டான காசையும் கூலியோடு சேர்க்காமல் தனியாகப் போடுங்கள். ஒரு சின்னத்துக்கு நல்ல கட்-அவே வைத்தாலும் ஒரு டீ விலைக்குள் முடிந்துவிடும். நூறு டீ-ஷர்ட் திரும்பி வந்தால் ஆகும் செலவை நீங்களே கணக்குப் போடுங்கள், கணக்கில் நீங்கள் எல்லாம் கெட்டிதான்.

சொந்தங்களுக்கு: பிளவுஸ் கொடுக்கும்போது டிசைன் ஆல்பத்தைத் திருப்பித் திருப்பி ஒரு மணி நேரம் பார்க்கிறீர்கள். அதில் ஒரு நிமிடம், அந்தக் கடையில் முடித்து வைத்திருக்கும் ஏதாவது ஒரு பிளவுஸின் பின்பக்கத்தைப் பார்க்கக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள். "பேப்பருக்குத் தனியா இவ்வளவு ஆகும்" என்று அவள் சொன்னால், ஏமாற்றுகிறாள் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். சொல்லிக் கேட்கிறவள்தான் நேர்மையானவள். சேலைக்குப் பல்லாயிரம் கொடுத்துவிட்டு இதில் பேரம் பேசும் அத்தைமார்கள் யார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

தைக்கிற பிள்ளைகளுக்கு: பில்லில் பேப்பரைத் தனி வரியாக எழுதுங்கள். புதுத் துணி எது வந்தாலும் ஓரத்துண்டில் அதே டிசைனின் ஒரு பகுதியை அதே பேப்பரோடு தைத்து, துவைக்கிற துணி என்றால் துவைத்துக் காயவைத்தும் பாருங்கள். அந்தத் துண்டில் தேதியும் பேப்பர் வகையும் எழுதிப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு யாராவது "உன் தப்பு" என்று வந்தால் பேசுவதற்குக் கையில் ஒன்று இருக்கும். கான்ட்ராக்டரே பேப்பர் கொடுத்தால், என்ன பேப்பர் கொடுத்தார், நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

"டீச்சர், காசு கூடக் கேட்டா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க" என்று சொல்வீர்கள். சிலர் போவார்கள்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரே ஊரில் இருக்கிற நாலு பேர் சேர்ந்து பேப்பர் காசு தனி என்று சொல்லிவிட்டால் அவர்கள் எத்தனை கடைதான் ஏறி இறங்குவார்கள்? என் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இன்று ஒரே தெருவில் போட்டிக் கடை வைத்துக்கொண்டு, ஆயிரம் தையலுக்கு ஐந்து பைசா குறைத்து ஒருவரையொருவர் அறுத்துக்கொள்கிறீர்கள். அதில் லாபம் பார்ப்பவர் தெருவிலேயே இல்லை.

ஏற்கெனவே சுருங்கிப்போனதற்கு என்ன வழி என்று கேட்டு இப்போதே இரண்டு மெசேஜ் வந்துவிட்டது. லேசான சுருக்கம் என்றால் கனமான டவலை விரித்து, எம்பிராய்டரி பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, பின்பக்கத்திலிருந்து ஆவி காட்டி, பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி அழுத்துங்கள். பட்டு என்றால் நடுவில் ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் சொட்டவிடாதீர்கள். ஓரளவு படியும். அடைத்த டிசைன் சுருங்கியிருந்தால் இதில் சரியாகாது, பிரிக்கவும் முயலாதீர்கள், ஓட்டைதான் மிஞ்சும்.

சந்தேகம் கேட்பவர்கள் கமெண்டில் படம் போடுங்கள். முன்பக்கம் வேண்டாம், பின்பக்கத்தை எடுத்துப் போடுங்கள்.